அண்ணா துவக்கோடு வந்த நாள்

சுவிஸில் பிறந்து, சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்து, இராணுவப் பயிற்சியும் முடித்து அண்ணா வீடு திரும்பிய நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்போது எனக்கு எட்டு வயது. எம்மன்புரூக்கேயில் மூன்றாம் மாடி வீடு. அண்ணாவின் தோளில் இராணுவம் கொடுத்த துவக்கு. இந்த நாட்டில் பயிற்சி முடித்தவர்கள் அதை வீட்டிலேயே வைத்திருக்கலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவோடு அகதியாக வந்த அம்மாவுக்குத்தான் அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் கூடாது, குசினியிலும் கூடாது என்று கடைசியில் சப்பாத்து அலுமாரியோடு சாத்தி வைக்கச் சொன்னார். அப்பா கடைக்குப் போயிருந்தார்.

அண்ணா சீருடையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கதவை யாரோ உதைத்தார்கள். கைப்பிடியை ஆட்டிக்கொண்டு சுவிஸ் ஜெர்மனில் ஒரே கத்தல். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அண்ணா துவக்கைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தான்.

நான்காம் மாடிக் கிழவர். பட்டப்பகலிலேயே நல்ல குடிவெறி. தன் வீடென்று நினைத்து எங்கள் கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறார். துவக்கைக் கண்டதும் வெறி முறிந்து சுவரோடு ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் படியேறி வந்த அப்பாவுக்கு நேரே இப்போது துவக்கு நீண்டிருந்தது. அப்பா முட்டைப் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். முழங்காலில் நின்று, தலைக்குப் பின்னால் கை கோத்துக்கொண்டார். நான் கைதட்டிச் சிரித்தேன். அப்பா இவ்வளவு நன்றாக நடிப்பாரென்று எனக்குத் தெரியாது.

“அப்பா, நான்தான். இதில குண்டு இல்லை,” என்று அண்ணா சொல்லிக்கொண்டே இருந்தான். அப்பா நிமிரவேயில்லை.

பிறகு அண்ணா நியாயம் சொன்னான். உள்ளே அம்மாவும் தங்கச்சியும், வெளியே யாரென்றே தெரியாது, வேறென்ன செய்வது என்று கேட்டான்.

“கதவு பூட்டித்தானே கிடந்தது, தம்பி,” என்றார் அப்பா. “உடைச்சுக்கொண்டு வந்திருந்தா நானும்தான் துவக்கைத் தூக்கியிருப்பன்,” என்றார்.

திங்கட்கிழமையே அதை இராணுவக் கிடங்கில் ஒப்படைப்பதாக அண்ணா சொன்னான். எனக்கு அதுவே பெரிய கவலை.

சாப்பிடும்போது நான் கெஞ்சினேன்: “அப்பா, இன்னொருக்கா செய்து காட்டுங்கோ.”

நான் கேட்டு எதையும் மறுக்காதவர், எழும்பினார். அண்ணா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இருத்திவிட்டு, அந்தக் கைகளை விடாமல் அழுதான். விளையாட்டைக் கெடுத்துவிட்டானென்று நான் அவனோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.