முந்தியில் இருந்த இரண்டு பெயர்கள்

மதியம் சாப்பிட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் பாதித் தூக்கம்தான். கூடத்தில் அண்ணனின் தறிச் சத்தம், தெருவில் ஷேர் ஆட்டோ ஹாரன், எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல வரும். சின்ன காஞ்சிபுரத்து மதியங்கள் அப்படி. அந்த மாதிரி ஒரு மதியத்தில்தான் அவள் வாசலில் வந்து நின்றாள். கனவில் வந்தவள் என்றே ஒரு கணம் நினைத்தேன்.

முசரவாக்கத்துப் பெண். சில வருடங்களுக்கு முன் அவளுடைய கல்யாணப் புடவை எங்கள் தறியில்தான் ஓடியது. முந்தியில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஜரிகையில் போடச் சொல்லியிருந்தார்கள். புடவை தறியிலிருந்து இறங்கிய வாரமே கல்யாணம் நின்றுபோனது. அதை வாங்கிப் போக யாரும் வரவில்லை.

“அக்கா, நெட்ல என் பேரைப் போட்டுத் தேடுனா மொதல்ல உங்க பக்கம்தான் வருது. என் பேரும் அந்த ஆள் பேரும் ஜோடியா. முகூர்த்தத் தேதி, ஊரு, என் போன் நம்பர், எல்லாம் இருக்குது.”

எனக்குத் தூக்கம் போயிற்று.

வேறு இடத்தில் அவளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அந்தப் புது மாப்பிள்ளை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறார், இருவரும் குளக்கரையில் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். “மறைக்கறதுக்காக வரலக்கா. நானே என் வாயால சொல்லணும். அவரும் கம்ப்யூட்டர்லதான் வேலை. நான் சொல்றதுக்கு முன்னாடி அதைப் பாத்து தெரிஞ்சிக்கினா, நான் மறைச்சேன்னு ஆயிடாதா?” என்றாள். அழவில்லை. துப்பட்டா நுனியை மட்டும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நடந்தது இதுதான். பெயரைத் தட்டினால் முந்தியில் நெய்வதற்கான புள்ளிகளாக மாற்றித் தரும் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். டிசைன் போடுவது அண்ணி. ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் பயன்படட்டும் என்று எல்லாவற்றையும், செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாள்வாரியாகச் சேமித்து வைக்கும் ‘கிட்’ (Git) களஞ்சியம் ஒன்றில் இணையத்தில் போட்டு, உலகத்துக்கே திறந்து வைத்திருந்தோம். என் ஆபீசில் சோதித்துப் பார்ப்பதற்கு இல்லாத ஆளின் பெயரைத்தான் போடுவோம். எங்கள் வீட்டில் அது நடக்காது. கல்யாண முந்தியில் விளையாட்டுக்குக்கூடப் பொய்ப் பெயர் எழுத மாட்டார்கள். “இல்லாத பொண்ணுக்கும் இல்லாத புள்ளைக்கும் முகூர்த்தம் வெக்கலாமா?” என்பார் அண்ணி. அதனால் அந்த நேரத்தில் கையிலிருந்த நிஜ ஆர்டரையே, வந்த விவரம் மொத்தத்தோடும், மாதிரியாக ஏற்றிவிட்டார். பாஸ்வேர்டு வெளியே போயிருந்தால் மாற்றித் தொலைக்கலாம். ஒரு பெண்ணின் பெயரை எப்படி மாற்றுவது?

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு, “அந்த ஃபைலை அழிச்சிடேம்மா!” என்றார்.

அழித்தேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அப்புறம்தான் சொன்னேன், இது போதாது என்று. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு முடியும்போது, பழைய இழைகளின் நுனியோடு புது இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். கிட்டும் அப்படித்தான், ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இன்று அழித்தாலும் நேற்றைய பதிவுக்குப் போகிறவனுக்குப் பெயர் அங்கேயே இருக்கும். பெயர் ஏறிய நாள் வரை பின்னால் போய், அங்கே எடுத்து, அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் புதிதாகப் பிணைக்க வேண்டும்.

“அய்யோ, வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமாக்கா?”

“முடியும். நீ போய் நிம்மதியா இரு” என்றேன். எனக்கே நிம்மதி இல்லை.

அதற்கான கருவி கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடும். எங்கெல்லாம் அந்தப் பெயர் நுழைந்திருக்கிறது என்று பார்க்கத்தான் நேரம் பிடித்தது. பழைய பதிவுகளைப் புரட்டப் புரட்ட அந்த வருடங்களே திரும்ப வந்தன. ஒவ்வொரு பதிவுக்கும் அண்ணி குறிப்பு எழுதியிருந்தார். ‘அன்னத்தின் மூக்கு சரி செய்தேன்.’ ‘மழை, கரண்டு இல்லை, பாதியில் நிற்கிறது.’ ‘கருடசேவை, இன்று வேலை ஓடவில்லை.’ அந்த மழை என் மேல் பெய்தது. கருடசேவைக் கூட்டத்தின் கற்பூர வாசம்கூட வந்தது, சத்தியமாக. நடுவில் ஒரு பதிவில், ‘முசரவாக்கத்துப் பெண் நேரில் வந்து எழுத்தைப் பார்த்தது. ரொம்ப சந்தோஷம்’ என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். பிறகு கருவியை ஓடவிட்டேன். மழையும் கருடசேவையும் அதனதன் இடத்தில் நின்றன. அவள் வந்து போன நாள் மட்டும் இல்லாமல் போனது.

மறுநாள் மதியம் பார்த்தால், பெயர்கள் இரண்டும் பழையபடி உட்கார்ந்திருந்தன!

“எந்தப் புண்ணியவான் வேலை இது?” என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணன் தறியை நிறுத்திவிட்டான். ஐயம்பேட்டையில் எங்களுக்கு தறிக்கான டிசைன் அட்டையில் துளை அடித்துத் தருகிறவரிடம் களஞ்சியத்தின் பழைய நகல் ஒன்று இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. அண்ணி அவருக்குப் போன் போட்டார்.

“நான் ஒண்ணும் பண்ணலமா. மயில் டிசைனை சரி பண்ணி ஏத்துனேன். ஏற மாட்டேன்னு அடம் புடிச்சிது. சரின்னு பழசையும் புதுசையும் ஒண்ணா சேத்து ஏத்திட்டேன்.”

“நல்லா சேத்தீங்கபா! அந்த ஃபோல்டரை மொத்தமா அழிச்சிட்டு, நாங்க சொன்னதுக்கப்புறம் புதுசா எடுத்துக்கங்க” என்றார் அண்ணி.

எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். களஞ்சியம் இருக்கும் தளத்துக்காரர்களுக்கும் தேடுபொறிக்காரர்களுக்கும், உங்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் நகலையும் நீக்குங்கள் என்று எழுதினேன். நீக்கிவிட்டோம் என்று பதில் வந்த பிறகுதான் லேப்டாப்பை மூடினேன்.

வியாழக்கிழமை அவள் வந்தபோது, லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, “நீயே தேடு” என்றேன். தட்டினாள். ஒன்றும் வரவில்லை. வேறு விதமாகத் தட்டினாள். அப்போதும் இல்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். காலியான திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி பீரோவைத் திறந்து அந்தப் புடவையை எடுத்து வந்தார். மாம்பழ மஞ்சளில் உடல், அரக்கு முந்தி. பெயர் போட்ட புடவையை வேறு யாருக்குக் கொடுப்பது? அப்படியே கிடந்திருக்கிறது.

“இந்தக் கலரு நானே தேடித் தேடி எடுத்ததுக்கா” என்று தடவிப் பார்த்தாள்.

“பேரு ஜரிகை மட்டும்தாம்மா. ஊசியால உருவிடலாம், துணிக்கு ஒண்ணும் ஆவாது. ரெண்டு பேரையும் உருவிடட்டுமா?” என்றார் அண்ணி.

“அந்த ஆள் பேரை மட்டும் எடுங்க. என் பேரு இருக்கட்டும். நான் இன்னா தப்பு பண்ணேன், என் பேரை எடுக்கறதுக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பெயரையும் எடுப்பதில்தான் குறியாக இருந்தேனே தவிர, இதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முந்தியைத் திருப்பிப் போட்டு, ஊசி முனையால் ஜரிகையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார். அவிழ்ந்த ஜரிகை மடியில் சுருண்டு சுருண்டு விழுந்தது. வெயில் சாயும்போது அவன் பெயர் போயிருந்தது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால், பெயர் இருந்த இடத்தில் இழைகள் லேசாக விலகியிருப்பது தெரிந்தது.

“இந்தத் தடம் முழுசா போவாதும்மா” என்றார் அண்ணி, வருத்தத்தோடு.

“பரவால்ல” என்று புடவையை மடித்து எடுத்துப் போனாள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் போன் வந்தது. பின்னால் கோயில் மணி கேட்டது.

“சொல்லிட்டேன்க்கா.”

“எப்படிடி ஆரம்பிச்ச?”

“அந்தப் புடவையத்தான் கட்டிக்கினு போனேன். முந்தியக் காட்டி, ‘என் பேரு பக்கத்துல ஒரு பேரு இருந்துச்சு’ன்னு ஆரம்பிச்சேன். முழுசா கேட்டாரு. அப்புறம் அந்த எடத்தை வெரலால தொட்டுப் பாத்து, ‘தடம் தெரியுது’ன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“தெரியட்டும்னு சொன்னேன்.”