மெஷின் கை போகாத பக்கம்

"பேத்திங்க. நாப்பத்தேழு நாளு," என்றார், மடியில் பிள்ளையோடு இருந்த நடராஜா. புசல்லாவையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், காலடியில் கிடந்த சாக்கை நகர்த்தத்தான் சொல்லியிருந்தாள். "மூக்கு என் மக பிரேமிளா மூக்கு. அந்தா, முன்னுக்கு இருக்கா. கெம்பஸ்ல கணக்குல ஆராய்ச்சி பண்றா."

பிரேமிளா திரும்பவில்லை. சாக்குக்குள் இருந்தது, அவர் விடியற்காலையில் செய்துவைத்த காரியம்.

சின்ன ஆஸ்பத்திரிகளுக்கென்று விலை குறைந்த ஸ்கேன் மெஷின் ஒன்றைச் செய்யும் குழுவில் இருந்தாள் அவள். எக்ஸ்ரே கதிர் விடும் அதன் கை ஆளை முழுதாகச் சுற்றாது, பாதி வழியில் நின்றுவிடும். பார்க்காமல் விட்டதைக் கணக்குப் போட்டு மீட்க வேண்டும்.

"எல்லாத்தையும் மீட்க ஏலாதுப்பா," என்று ஒருநாள் சொன்னாள். "உள்ள வெடிப்பு இருந்தா, அது போற பக்கமாவே கதிரும் போகணும். அப்பத்தான் படத்துல விழும்."

"பஸ்ஸு நெரைக்கு நேரா வந்தாத்தான் தேயிலைக்கு நடுவுல பாதை தெரியும். இல்லாட்டி மலையே ஒரே பச்சை. அதானே?"

"அதேதான்."

ஐந்தாம் வகுப்போடு நின்ற மனிதர் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

குழுவுக்குப் பொறுப்பானவர் ஹலீம் சேர். பார்க்காத பக்கத்தைக் கம்ப்யூட்டரே ஊகித்து நிரப்பட்டும் என்றார். ஆளுக்குப் பதிலாகச் சோதனைக்கு வைத்த தேயிலைச் செடிக் கட்டையின் படம் பளிங்குபோல வந்தது. பிரேமிளா அந்தப் படத்தின்மேல் சிவப்புக் கோடு ஒன்றை இழுத்து, 'இந்தத் திசையில் என்ன இருக்கிறதென்று தெரியாது' என்று எழுதிவைத்தாள். இன்று மெஷினைப் பார்த்துக் காசு போட வருகிறவர்களுக்குப் பிடித்தால்தான் மெஷின் முன்னேறும். கோட்டை அழிக்காவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள் என்று சேர் சொல்லிவிட்டார்.

அளவெடுக்க வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தக் கட்டையை அடுப்படியில் வைத்திருந்தாள். தாயும் பிள்ளையும் குளிக்க வெந்நீர் போட, தினமும் தேயிலைக் கட்டை பிளப்பது நடராஜாவின் வேலை. இன்று விடியற்காலை இருட்டில் கைக்கு அகப்பட்ட இதையும் பிளந்துவிட்டார்.

"என்னப்பா செஞ்சிட்டீங்க?"

"வெறகுன்னு நெனச்சேன் புள்ள."

அவள் இரண்டு பாதிகளையும் புரட்டினாள். கோடரி பட்ட வெள்ளைக்குப் பக்கத்தில் பழைய வெடிப்பொன்று, கறுத்துப்போய், விரல் நுழையும் அகலத்தில். சிவப்புக் கோடு காட்டிய அதே திசை; பளிங்குபோல வந்த படத்தில் அது இல்லை.

"சாக்குல போடுங்க. நீங்களும் வாங்க," என்றாள்.

கெம்பஸில் ஹலீம் சேர் பிளந்த கட்டையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்து, "மாஷா அல்லாஹ்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வேற கட்டை ஒன்டு வைப்பம் மகள். வார ஆக்களுக்கு வடிவான படம்தான் வேணும். கோட்ட எடுத்திருங்க."

நடராஜா பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டார். மகளின் வேலை போகப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கட்டைய மாத்தலாம் சேர்," என்றாள் பிரேமிளா. "நாளைக்கு இந்த மெஷின்ல வந்து படுக்கிற மனுசிய மாத்துவீங்களா? என் பேர வேணும்னா அழிச்சிருங்க. கோட்ட நான் அழிக்க மாட்டேன்."