மூன்றாம் அடியில் ஒரு தட்டு

புதுக் கோயிலின் சாமான் அறைக்கு நாற்காலி எடுக்கப் போனவள், மூலையில் கிடந்த ஆர்மோனியப் பெட்டியைச் சும்மாதான் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று வந்தது. ஏரல் பக்கம் எங்கள் ஊரில் இடித்துத் தள்ளிய அந்தப் பழைய ஓட்டுக் கோயிலுக்கும் இதே வாசனைதான்.

சனிக்கிழமை சாயங்காலம் வயலிலிருந்து கைகால் கழுவிவிட்டு வந்து, ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுப் பழகப் பாயில் உட்காரும் சபைக்கு, புதுப்பாட்டு என்றாலே கசப்பு மருந்து. எஸ்தர் டீச்சர் ஆர்மோனியத்தோடு ஓர் அடி பாட, ஆண்கள் ஒருதரம், பெண்கள் ஒருதரம் திருப்பிப் பாடிக்கொண்டே போய், மூன்றாம் அடி வந்ததும் எல்லாருமாகப் பழகிய பழைய ராகத்துக்குள் சரிந்துவிடுவார்கள். டீச்சர் பெட்டிமேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். சபை சட்டென்று நிற்கும். ஒழுகும் ஓட்டுக்குக் கீழே வைத்த ஈயச்சட்டியில் மழை சொட்டுவது மட்டும் கேட்கும்.

"ஏன் அண்ணாச்சி, பாட்டு மேல ஏறுது, நீங்க மட்டும் கீழ இறங்குதிய?"

சிரிப்பு அடங்கியதும் மறுபடி முதல் அடியை எடுத்துக்கொடுப்பார். அந்த மழைக்காலம் முழுக்க ஒரே பாட்டு, ஒரே இடத்தில் தட்டு. நாங்கள் தேறவேயில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் காய்ச்சலில் டீச்சர் போய்விட்டார். அடக்க ஆராதனையில் அந்தப் பாட்டையே பாடினோம். ஆர்மோனியம் மூடிக் கிடந்தது. மூன்றாம் அடியில் வழக்கம்போலச் சரிந்தோம். சரிந்த இடத்திலேயே, யாரும் தட்டாமல், சபை மொத்தமும் நின்றுவிட்டது.

சட்டியில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. முதல் அடியை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.