இரண்டு பெட்டிக்குள் அடக்கிய பாறை

நயினாதீவில் காற்றாலைக் கோபுரத்துக்கு அத்திவாரம் போட முன்னர், அந்த இடத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பாறை இருக்கிறது என்பதை எவரும் சொல்லிவிடுவார்கள், தீவே சுண்ணாம்புக்கல். எனக்குத் தெரியவேண்டியது பாறை இல்லாத இடங்கள். தண்ணீர் அரித்த பொந்துக்கு மேல் கோபுரம் வைத்தால் அது நிற்கும், நல்ல காற்று வரும்வரை.

துளையிட்டு எடுத்த உருளைக் கற்களை நீளப் பெட்டிகளில் ஆழ வரிசைப்படி அடுக்கினோம். பொந்து வந்த இடத்தில் கல் வராது. அங்கே அதே நீளத்துக்கு இடம் விட்டு, அடையாளத்துக்கு வெறும் மரக்கட்டை வைத்தோம். மூன்று பெட்டிகள் நிறைந்தன. என்னிடம் பதினான்கு வேலைகள் எழுதிய பட்டியல் இருந்தது. படம் எடுப்பது பன்னிரண்டாவது, ஆழங்களைப் பதிவது பதின்மூன்றாவது. மழை இருட்டியதால் இரண்டையும் அக்கரைத் துறையான குறிகட்டுவானில் கூரைக்குக் கீழே ஆற அமரச் செய்யலாம் என்று முடிவெடுத்து, பயணிகள் படகில் முன்னே போனேன். பெட்டிகள் சாமான் வள்ளத்தில் வந்தன.

வள்ளக்காரர் இரண்டு பெட்டிகளை இறக்கினார்.

"மற்றப் பெட்டி எங்கை அண்ணை?"

"அது வெறும் பெட்டி, வள்ளத்துக்குள்ளை கிடக்கு. அரைவாசி காத்தையெல்லோ ஏத்தி விட்டனீர் பிள்ளை! கடலிலை ஒண்டும் உருளக்கூடாது. நெருக்கி ரண்டிலை அடக்கிப் போட்டன். எண்ணிப் பாரும், ஒரு கல்லும் குறையாது."

அவர் ஊர்காவற்றுறைக்காரர். தீவுகளுக்குக் கூரை ஓடுகளையும் சோடாப் போத்தல்களையும் உடையாமல் ஏற்றி இறக்கியவர். மரக்கட்டைகளைக்கூட உரப்பையில் போட்டுக் கட்டித் தந்தார்.

கல் குறையவில்லைதான். மேலதிகாரிக்கு அந்த இரண்டு பெட்டிகளின் படத்தை எடுத்து, நடந்ததையும் எழுதி அனுப்பினேன். அவர் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்.

"அருமையான கல்லு. ஒரு ஓட்டையும் இல்லை. இப்பிடியே அறிக்கையை எழுதும்."

"ஓட்டை இருந்தது சேர். வள்ளத்திலை நெருக்கி அடுக்கினதிலை இல்லாமல் போட்டுது."

"எந்த ஆழத்திலை?"

துளையிட்ட மூவரையும் கேட்டேன். மூவரும் மூன்று ஆழம் சொன்னார்கள். "திரும்பத் துளைக்க வேணும் சேர். மிஷின் இன்னும் தீவிலைதான் நிக்குது. படம் எடுக்காமல் விட்டது என்ரை பிழை" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார்.

மறுநாள் காலையில் வள்ளக்காரர் என்னைக் கண்டு சிரித்தார்.

"என்ன பிள்ளை, கொண்டுபோன கல்லுப் போதாதோ?"

"கல்லுப் போதும் அண்ணை. ஓட்டைதான் வேணும்."

"இனி ஓட்டைக்கும் கூலி எடுக்கவேணும்."

முதல் துளைக்குப் பக்கத்திலேயே துளைத்தோம். இம்முறை கல் பெட்டிக்கு வரவர, மழையென்றும் பாராமல், படம் எடுத்தேன். பெட்டிகளை ஏற்றும்போது வெற்றிடங்களை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் கற்களைத் தொடவில்லை. பழஞ்சாக்கை வெட்டிச் சுருட்டி, ஒவ்வொரு இடைவெளிக்கும் அதன் அளவுக்கே வைத்தார். கடைசிப் பெட்டியில் ஒரு சுருள் போதவில்லை, இரண்டும் போதவில்லை. கையை நீட்டி அளந்து பார்த்தார். முழங்கையைத் தாண்டிப் போனது.

"இதுக்கு மேலையோ காத்தாடி வைக்கப் போறியள்?"

"இனி இல்லை அண்ணை. தள்ளி வைக்கச் சொல்லி எழுதப் போறன்."

அவர் மூன்றாவது சுருளையும் செருகி, அந்தப் பெட்டியைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தை எடுத்தார்.