சுடாத மணல்

என் கால் செத்துக்கொண்டிருந்ததன் முதல் அடையாளத்தைக் கண்ட நாளில் நான் பெருமைப்பட்டேன். நயினாதீவு அம்மன் கோயில் தேர் அன்று. உச்சி வெயிலில் அக்கா காலை மாற்றி மாற்றி வைத்துத் துள்ளிக்கொண்டு வந்தாள். நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்தேன். எனக்கு மணல் சுடவில்லை.

"என்னடி, உனக்குச் சுடேல்லையே?"

"அம்மாளாச்சியை நம்பி நடக்கிற காலுக்குச் சுடாதக்கா."

அப்படிச் சொன்னதில் எனக்கொரு கணக்குத் தீர்ந்தது. அக்காவும் நானும் வேலணையில் ஒரே வளவுக்குள் இருக்கிறோம். அப்பாவின் நீரிழிவு (இரத்தத்தில் சீனி கூடி நிற்கும் நோய், ஊர் வழக்கில் சலரோகம்) எனக்கு மட்டும் வந்தது. என் முன்னாலேயே அவள் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிப்பாள். ஆனாலும் சோதிக்கிற ஒவ்வொரு முறையும் அவளுடைய இரத்தத்தில் சீனி இல்லையென்றே வரும். எனக்குப் பற்றி எரியும். பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? அன்றுதான் அவளுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்ததாக நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அவள்தான் கண்டாள்.

"உதென்ன? பொக்களம் உடைஞ்சு தோல் உரிஞ்சு கிடக்கு. நோகேல்லையே?"

நோகவில்லை. அதனால் மஞ்சளைப் பூசி அப்படியே விட்டுவிட்டேன். பாதம் வீங்கி மணக்கத் தொடங்கிய பிறகு, அக்கா என்னை இழுக்காத குறையாக ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டொக்டர் இளம் பெண். கையில் மெல்லிய நைலோன் இழை ஒன்றை வைத்திருந்தார்.

"கண்ணை மூடுங்கோ அம்மா. காலிலை நான் தொடேக்கை சொல்லுங்கோ."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். நெடுநேரமாக ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னும் துவங்கேல்லையோ டொக்டர்?"

"முடிச்சிட்டன் அம்மா."

நரம்புச் சிதைவு (சீனி நீண்ட காலம் கூடி நிற்பதால் நரம்புகள் உணர்விழப்பது) என்று விளங்கப்படுத்தினார். "பாதத்தைக் காப்பாத்தப் பாப்பம். விரலுக்கு உறுதி சொல்ல ஏலாது."

என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். இன்சுலின் ஏற்றினார்கள். அழுகிய தசையைத் தாதி வெட்டியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை; முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதவள் அக்கா. சின்னவிரல் போயிற்று. பாதம் தப்பியது.

உங்களுக்கும் சீனி இருந்தால், நோகவில்லை என்று ஆறுதல்படாதீர்கள். என் கால் சொல்லாததை இப்போது கண்தான் எனக்குச் சொல்கிறது. பொழுதுபடக் கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு நாள் முடிகிறது. செருப்பில்லாமல் முற்றத்தில்கூட இறங்குவதில்லை.

இந்த முறை தேரன்று கோயிலுக்கு வெளியே, தண்ணீர்ப் பந்தலில் செருப்போடு இருந்தேன். எனக்காகவும் சேர்த்து அக்கா வீதி சுற்றினாள். "ஐயோ, சுடுதடி" என்று ஓடிவந்து காலை நீட்டினாள். தண்ணீர் ஊற்றினேன். உள்ளங்கால் இரண்டும் சிவந்திருந்தன. பனங்கட்டிக்குக்கூட நான் அவள்மேல் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.