சொட்டுப் பெற்றோல்

எங்கள் மோட்டார் சைக்கிளுக்கு எல்லாம் சோடி சோடியாகத்தான். இரண்டு சிலிண்டர், இரண்டு சைலன்சர், இரண்டு காபிரேற்றர். ஏறிப் போகிற நாங்களும் ஒரு சோடி. நான் பின்னுக்கு.

எனக்கு ஆட்களோடு கதைக்கக் கூச்சம். பஸ்ஸில் ஏறினால் போகிற இடத்தைச் சத்தமாகச் சொல்ல வேணும். ஓட்டோவில் ஏறினால் ஓட்டுகிறவர் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, பிள்ளைகள் எந்த நாட்டில் என்று விசாரிப்பார். மோட்டார் சைக்கிளில் அந்தக் கரைச்சல் ஒன்றுமில்லை. முன்னுக்கு என் மனுசனின் முதுகு மட்டும்தான்.

அந்த முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் எனக்கு வாய் திறக்கும். வண்டி போடுகிற சத்தத்தில் நான் கதைக்கிறேன் என்பது இவருக்குத் தெரியும், என்ன கதைக்கிறேன் என்பது தெரியாது. எல்லாவற்றுக்கும் "ஓமோம்" என்பார். குசினி யன்னல் கொளுக்கி கழன்று கிடக்கிறது என்பேன். ஓமோம். இடியப்பத்துக்குச் சொதி காணாதென்று நீங்கள் முகத்தைத் தூக்கினது சரியில்லை என்பேன். ஓமோம். வெள்ளிக்கிழமை நெல்லியடியில் ஏறி, வட்டுக்கோட்டையில் தங்கச்சி வீட்டுப் படலையில் இறங்கும்போது மனம் பஞ்சு மாதிரி இருக்கும்.

அந்த வண்டிதான் போன வருசம் சந்திக்குச் சந்தி நின்று மானத்தை வாங்கத் தொடங்கியது.

அதைக் குறை சொல்ல ஏலாது. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின வண்டி. மண்ணெண்ணெயில் அது லேசில் ஸ்ராட் வராது. காதுக்கு விடும் மருந்துப் போத்திலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, உதைக்க முதல் காபிரேற்றர் வாயில் சொட்டுச் சொட்டாக விடவேணும். அது பற்றிக்கொண்டால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அப்போது ஊர் முழுக்க அப்படித்தான் ஓடியது. சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் இவர் அந்தப் போத்திலை விடவில்லை. தேய்ந்துபோன காபிரேற்றருக்கும் அது இல்லாமல் முடியாது. விடியக் காலமை இரட்டைப் பிள்ளைகளுக்கு மருந்து பருக்குவது போல இரண்டுக்கும் பார்த்துப் பார்த்து விடுவார்.

கடைசியில் சொட்டுக்கும் மசியவில்லை. பக்கத்து ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கிற இவருடைய கூட்டாளி, கொழும்பிலிருந்து புதுக் காபிரேற்றர் ஒரு சோடி எடுப்பித்துக் கொண்டுவந்தார்.

இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கொம்பனிச் சாமான் இல்லையே."

"கொம்பனி இப்ப இதைச் செய்யிறேல்லை அண்ணை. இது வேறை ஆக்கள் அதே அளவுக்குச் செய்யிறது."

"அப்ப கொப்பி."

"கொப்பிதான். உங்கடை கட்டின பல்லும் கொப்பிதானே. இறைச்சி கடிக்கிறியள்தானே?"

நான் குசினிக்குள் நின்று சிரித்தேன்.

ரப்பர் குழாய்கள் பொருந்தவில்லை. சுடுதண்ணீர் கேட்டார்கள், கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊறவைத்து இளக்கி மாட்டினார்கள். கராஜ்காரர் ஒரு உதைதான் உதைத்தார், பிடித்துக்கொண்டது. பிறகு இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும் உள்ளங்கையைப் பிடித்து, இரண்டு மூச்சும் ஒரே மாதிரி வரும்வரை திருகாணியைத் திருகினார்கள்.

அடுத்த நாள் காலமை வண்டி ஸ்ராட் வரவில்லை. இவர் உதைத்து உதைத்துச் சாரம் அவிழ்கிற நிலைக்கு வந்துவிட்டார். பின்னேரம் கராஜ்காரர் வந்து பிளக்கைக் கழற்றினார்.

"நனைஞ்சு கிடக்கு அண்ணை. ஆரோ பெற்றோலிலை முழுக வார்த்த மாதிரி."

துடைத்துப் போட்டு உதைத்தார், வந்தது. மறுநாள் காலமை இவர் உதைக்க, வரவில்லை. பின்னேரம் அவர் உதைக்க, வந்தது.

"உன்னை ஒரு சாமான் வாங்கித் தரச் சொன்னால், உனக்கு மட்டும் கீழ்ப்படியிற சாமானாய் வாங்கித் தந்திருக்கிறாய்," என்றார் இவர்.

எனக்கு விளங்கிவிட்டது. குசினி யன்னலுக்கு நேரேதான் வண்டி நிற்கும். இவர் காலமையில் பழைய பழக்கத்தில் சொட்டு விடுகிறார். அதைக் கராஜ்காரரிடம் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. பல்லுத் தீட்டினதை யார் சொல்லித் திரிகிறார்கள்? புதுப் பிள்ளைகளுக்கு அந்த மருந்து தேவையில்லை, விட்டால் மூச்சு முட்டுகிறது. சொல்லுவம் என்று முற்றத்துக்குப் போனேன். கராஜ்காரர் நிமிர்ந்து, "என்ன அக்கா?" என்றார். "தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வியாழக்கிழமை இவருக்குப் பொறுமை போய்விட்டது. நல்லூர்ப் பக்கத்துப் பெடியன் ஒருவன் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிக் கலியாணப் படம் எடுக்க வாடகைக்கு விடுகிறவன். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, மாப்பிள்ளையும் பொம்பிளையும் சும்மா ஏறி இருக்கத்தானே என்று எங்கள் வண்டியையும் முந்தியே கேட்டு வைத்திருந்தான்.

"நாளைக்கு விடிய ஸ்ராட் வராட்டில் அவனை வரச் சொல்லப்போறன்," என்றார். "உமக்கு ஓட்டோ பிடிச்சு விடுறன்."

ஓட்டோ. வட்டுக்கோட்டை போய்ச் சேரும்வரை கண்ணாடிக்குள்ளால் ஒரு சோடிக் கண். என் கதை எல்லாம் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும்.

அன்று பொழுதுபடக் கோழி அடைக்கப் போனபோது அந்தப் போத்திலையும் கொண்டுபோய்க் கூட்டின் மேல் தட்டில், ஓலைக்கு அடியில் செருகினேன். கீழே கொத்துகிற அடைக்கோழி. அதற்கு இவர் கிட்டவும் போகமாட்டார்.

காலமை வண்டிக்குக் கீழே தேடினார். அலுமாரிக்குப் பின்னால் தேடினார்.

"இஞ்சாரும், என்ரை காது மருந்துப் போத்திலைக் கண்டனீரோ?"

"காதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

காதைத் தடவிக்கொண்டு வண்டியடிக்குப் போனார். கோபத்தில் ஒரு உதை. அந்த ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. இவர் கையைப் பிடியில் வைத்தபடி சிலைபோல நின்றார். நான் போய்ச் சேலை மாற்றினேன்.

வழியில், வீடு வாசல் இல்லாத வல்லை வெளியில் அன்று காற்றும் இல்லை, ஆட்களும் இல்லை. நான் என்ரை பாட்டுக்குத் தொடங்கினேன். இரண்டு நாளாய்ச் சொல்ல நினைச்சனான், உங்கடை சொட்டாலைதான் எல்லாக் கரைச்சலும், போத்திலைக் கோழிக்கூட்டிலை ஒளிச்சு வைச்சது நான்தான், இனி எடுக்கவும் மாட்டன் என்றேன்.

"ஓமோம்" வரவில்லை.

"அதுக்குள்ளை பெற்றோல் வைச்சால் முட்டை மணக்குமப்பா," என்றார் இவர், திரும்பாமல்.

அப்போதுதான் கவனித்தேன். வண்டி முந்திப்போலப் படபடவென்று அடிக்கவில்லை. இரண்டு காபிரேற்றரும் ஒரே சீராக மூச்சுவிட, தையல் மெசின் மாதிரி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். வல்லைப் பாலம் தாண்டும்வரை திறக்கவில்லை.

"ஏன் நிப்பாட்டிப்போட்டீர்? கதையும். இப்ப கேக்குது."

முகம் தெரியாததால் கொஞ்சம் துணிவு வந்தது. சின்ன விசயமாக ஒன்றைத் தொடங்குவம் என்று, குசினி யன்னல் கொளுக்கி கழன்று கிடக்கிறது என்றேன்.

"அதை முந்தியே சொல்லியிருக்கலாமே," என்றார்.