நான் பாதி வாசித்த ஜெபச் சீட்டு

என் ஆண்டவர் என் வாயை அடைத்தார், என் காதைத் திறந்தார். அதற்கு நன்றியாகத்தான் இதை எழுதுகிறேன். நம் சபை மாத இதழுக்கு எழுதித் தரும்படி போதகர் ஐயர் கேட்டபோது முதலில் முடியாது என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் முன்னால் மானம் போகிற விஷயம். பிறகு யோசித்தேன். ஜெயித்ததை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை முழுங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் சாட்சியா?

போன வருஷம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. குற்றாலத்தில் சீசன் தொடங்கித் தென்காசி முழுக்கச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. செவ்வாய்தோறும் நான் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஊழியத்துக்குப் போவேன். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களிடம், "ஜெபிக்கட்டுமாம்மா?" என்று கேட்பேன். கேட்பேன் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். பதில் வருவதற்குள் கையைத் தலையில் வைத்துவிடுவேன்.

அன்று பெஞ்சின் கடைசியில் ஒரு பெண், நனைந்த துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போலக் கையை வைத்தேன், கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இந்த மகளைப் பாரும், இவள் பாரத்தை நீர் அறிவீர்" என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஜெபித்தேன். நல்ல ஜெபம் என்றே நினைத்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் மகள் ஜெசி.

"முடிஞ்சிட்டாம்மா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலைக்குப் போகிறேன் என்று டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போனவள். பெற்று இருபத்தாறு வருஷம் வளர்த்த பிள்ளையின் தலையில் கை வைத்திருக்கிறேன், அவள் தலை என்று என் கைக்குத் தெரியவில்லை.

"ஏட்டி, இங்கன என்ன செய்யுத?" என்றேன்.

அதற்குள் மருந்துக் கவுண்டர் பக்கம் இருந்து கோமதி வந்தாள். கையில் ஜெசி பெயர் எழுதிய ஃபைல். மேலகரத்தில் கோமதி எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. ஊரிலேயே அவர்களுக்கு வயல் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தவறாமல் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகிறவள். அவளுடைய கல் நெஞ்சம் உடைய வேண்டும் என்று எட்டு வருஷமாக என் ஜெபக் குறிப்பில் அவள் பெயர் இருந்தது.

"அக்கா, மொதல்ல உக்காருங்க. ஜெசிக்கு மாருல ஒரு கட்டி இருக்கு. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும்னு சொல்லிருக்காவ" என்றாள்.

அப்போது நான் செய்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மகளைக் கட்டிப் பிடிக்கவில்லை. எத்தனை நாளாய் என்று கேட்கவில்லை. மறுபடியும் கையைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். பழக்கம். ஜெசி என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாள்.

"பேசாம இரிங்கம்மா. மூணு தடவ உங்ககிட்டச் சொல்ல வந்தேன். கடைசியில சீட்டுகூட எழுதிப் போட்டேன். அதையும் நீங்கதான வாசிச்சீங்க."

"எந்தச் சீட்டு?"

பதில் சொல்லுமுன் நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். நானும் எழுந்தேன். "அத்த வரட்டும்மா" என்று சொல்லிவிட்டுக் கோமதியோடு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தினார்கள். பெற்றவள் வெளியே நிற்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் செல்வராணி. நம் சபையின் பெண்கள் ஜெபக்குழுவைப் பன்னிரண்டு வருஷமாக நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் கர்த்தருக்குள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது, வீட்டில் நானும் ஜெசியும்தான். ஜெபம் என்றால் செல்வராணி அக்கா என்று நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. விதைக்கிறவன் உவமையில் வரும் நாலு வகை நிலத்தைப் பற்றி ஐயர் பிரசங்கம் செய்தால், நான் எந்த நிலம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பாறை இவள், முள் அவள் என்று விளையாத மற்ற மூன்று நிலத்துக்கும் ஆள் கணக்கெடுத்துக்கொண்டிருப்பேன். இரட்சிக்கப்பட்ட அன்றே என்னை நல்ல நிலத்தில் சேர்த்தாயிற்று, அதற்கு மேல் மாற என்ன இருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் மூன்று தடவையும் நினைவுக்கு வந்தது.

முதல் தடவை, அடுப்படியில். "அம்மா, உடம்புல ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். "உடம்புக்கு என்ன, கர்த்தர் பாத்துக்கிடுவாரு, வா, முழங்கால் போடு" என்றேன். பத்து நிமிஷம் ஜெபித்துவிட்டு, இப்ப எப்படி இருக்கு என்று கேட்டேன். பரவாயில்லம்மா என்று எழுந்து போனாள்.

இரண்டாவது, ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது. என் காதுக்குப் பக்கத்தில் வந்து ஏதோ மெதுவாய்ச் சொல்ல வந்தாள். பயமா இருக்கும்மா என்கிற வார்த்தைதான் காதில் விழுந்தது. பயத்தின் ஆவியைக் கடிந்துகொண்டு அங்கேயே சத்தமாய் ஜெபிக்க ஆரம்பித்தேன். ஆட்டோக்காரர் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

மூன்றாவது தடவையைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "அம்மா, இன்னைக்கு ஜெபிக்க வேண்டாம். நான் சொல்லுதத மட்டும் கேளுங்க" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வயிற்றில் பிறந்தவள் ஜெபிக்க வேண்டாம் என்கிறாளா? "உன் மனசு இறுகிப்போச்சுட்டி" என்று சொல்லிவிட்டு, அவள் விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போகாமல் இருக்க மூன்று நாள் உபவாசம் இருந்தேன். மூன்று நாளும் அவள் என் முன்னால்தான் நடமாடினாள். என்ன சொல்ல வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் உள்ளே இருந்தபோது ஜெபிக்கப் பார்த்தேன். ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் ஜெபிக்கிறவளுக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. முதல் தடவையாக ஆண்டவர் முன்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

சதை எடுத்தாயிற்று, ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். கோமதி ஜெசியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான் நேரே ஆலயத்துக்குப் போனேன். மணி நாலு இருக்கும். ஆலயத்தைப் பூட்டித் திறக்கும் கோயில்பிள்ளையிடம், ஆராதனைச் சாமான்கள் வைக்கும் வெஸ்திரி அறையைத் திறந்து தரச் சொன்னேன்.

நம் வெள்ளிக்கிழமை ஜெபம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் பெட்டி இருக்கும், பெயர் போட்டும் போடாமலும் சீட்டு எழுதிப் போடுவீர்கள். நான் ஒவ்வொன்றாய்ப் பிரித்து வாசித்து ஜெபிப்பேன். வாசித்த சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு வெஸ்திரி அலமாரியில் வைப்போம். எது எதற்குப் பதில் கிடைத்தது என்று குறிக்க வேண்டும் என்பதற்காக. உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. எந்தச் சீட்டிலும் நான் முதல் வரியைத் தாண்டியதில்லை. முதல் வரியைப் பார்த்ததும் இது வியாதி, இது வேலை, இது கல்யாணத் தடை என்று எனக்குப் பிடிபட்டுவிடும். உடனே மடித்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிடுவேன்.

பையைத் தரையில் கொட்டித் தேடினேன். அவள் கையெழுத்தைக் கடைசியாகப் பார்த்தது பன்னிரண்டாம் வகுப்பில். இப்போது எல்லாம் போனில்தானே. எது அவளுடையது என்று தெரியாமல் ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன். கிடைத்தது. முதல் வரி: "ஒரு சகோதரியின் சரீர சுகத்துக்காக ஜெபிக்கவும்." அது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை அதை வாசித்து, முகம் தெரியாத அந்தச் சகோதரிக்காக நான் கதறிய கதறலில் பாதிப் பேர் அழுதீர்கள். ஜெசி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குக் கீழே இருந்ததை அன்றுதான் வாசித்தேன்.

"அம்மா, இது நான் ஜெசி. மாருல கட்டி இருக்கு. வீட்ல சொல்ல முடியல, அதான் இதுல எழுதுறேன். சத்தமா வாசிக்காதீங்க. என்னைப் பாருங்க, போதும்."

அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. நான் அவளிடம் பேசியது ஒன்றே ஒன்றுதான்: இட்லிக்கு மாவு இருக்கா என்று கேட்டேன்.

அந்த அறையில், சிதறிக் கிடந்த சீட்டுகளுக்கு நடுவில் குப்புற விழுந்தேன். எனக்கு வந்த ஜெபம் இவ்வளவுதான். "ஆண்டவரே, பாறை நான்தான். என் பிள்ளையைத் தாரும். அவள் பேசினால் எனக்குக் கேட்க வேண்டும்."

வீட்டுக்குப் போனேன். ஜெசி கட்டிலில் படுத்திருந்தாள். கீழே தரையில் உட்கார்ந்தேன். சொல்லும்மா என்று மட்டும் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு பேச ஆரம்பித்தாள். கட்டியைப் பற்றி மட்டும் இல்லை. அப்பா போன பிறகு அவள் அழுததெல்லாம், வேலை செய்கிற இடத்தில் பட்டதெல்லாம். கோமதியிடம் ஏன் போனாய் என்று கடைசியில் கேட்டேன்.

"அத்தகிட்ட 'அத்தே'ன்னு சொன்னேன். அடுப்ப அணச்சிட்டு வந்து பக்கத்துல உக்காந்தாவ. அவ்வளவுதாம்மா."

ஒருத்தி நெஞ்சு உடையும்படி எட்டு வருஷம் ஜெபித்தேன். கர்த்தர் என் பிள்ளையைக் காப்பாற்ற அவளைத்தான் அனுப்பினார். இதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அதிர்ந்து போகிறேன்.

ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம். இன்னும் சில மாசம் விட்டிருந்தால் கஷ்டம், நல்லவேளை கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். கூட்டிக்கொண்டு வந்தது நான் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோமதியும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் கோமதியிடம் மனம் விட்டுச் சொன்னேன். இவ்வளவு காலம் நல்ல நிலம் என்று நினைத்திருந்தேன், பாறையாய் இருந்திருக்கிறேன், இந்த வயதில் இனி என்ன மாறப்போகிறது என்று.

"என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க? நிலம் என்ன அப்படியேவா கெடக்கும்? எங்க வயலு ரெண்டு வருஷம் தரிசாக் கெடந்துச்சு. மம்பட்டி எறங்கல. தண்ணியக் கட்டி ஊறப்போட்டுத்தான் உழுதோம். இப்ப நெல்லு நிக்குல்லா" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தாள். நம் ஐயர் சொன்ன உவமை அவளுக்குத் தெரியாது. மண் தெரியும்.

திருநெல்வேலியில் ஆபரேஷன். தியேட்டருக்குள் கொண்டுபோகும் முன்னால் ஜெசி என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"இப்ப ஜெபிங்கம்மா. சின்னதா."

மூன்று வரி ஜெபித்தேன். கண்ணை மூடவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். அவளும் ஆமென் சொன்னாள்.

பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாந்தி, அழுகை, எல்லாம் இருந்தது. கர்த்தர் நடத்தினார். போன மாதம் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெசி மறுபடியும் வேலைக்குப் போகிறாள். ஸ்தோத்திரம் என்கிற வார்த்தையை எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அதற்கு அர்த்தம் தெரிந்து சொன்னது அன்றைக்குத்தான்.

விசுவாசி ஆன பிறகு மாறுவதற்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், நானே மாறியிருக்கிறேன். முழுசாய் இல்லை. இன்றைக்கும் யாராவது கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் என் கை தானாய்த் தலைக்குப் போகிறது. இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். பிரசங்கத்தில் பக்கத்து வரிசையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இது எனக்கு, இதுவும் எனக்கு என்று கேட்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு இறுகிப்போயிருந்தாலும் அவரால் முடியும், நம்புங்கள்.

இன்னும் ஒன்று. அந்த மஞ்சள் பையில் இருந்த எல்லாச் சீட்டையும் இந்த வருஷம் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். பெயர் இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்விட்டேன். ஒரே ஒரு சீட்டு மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. பச்சை மையில் எழுதியது. "வீட்டில் சமாதானம் வேண்டும்" என்பது முதல் வரி. அதற்கு நான் ஜெபித்து, டிக் போட்டு, பதில் கிடைத்தது என்றுகூட எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது வரி, "இனிமேல் என்னால் உயிரோடு இருக்க முடியும் என்று தோன்றவில்லை."

அதை எழுதிய சகோதரியே, நீங்கள் இதை வாசித்தால் தயவுசெய்து வாருங்கள். மேலகரத்தில் யாரிடம் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். நீங்கள் சொல்ல வந்ததை நான் இன்னும் கேட்கவே இல்லை.